இருபத்திரண்டாம் பக்கம்

விழுப்புரத்துக் கல்லூரிப் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டுகளில் தவளையின் வயிற்றையும் செம்பருத்தியின் குறுக்குவெட்டையும் பதினோரு வருஷம் வரைந்து கொடுத்தவள் கலையரசி. அலுத்துப்போய் ஒருநாள், கெடார் கிராமத்தில் களையெடுக்கும் தன் அம்மாவையும் கூட்டாளிகளையும் கட்டம் கட்டமாக வரைந்து, அவர்கள் பேச்சை அப்படியே எழுதிப் புத்தகமாகப் போட்டாள். அம்மா களையெடுத்த நிலக்கடலையின் ஊர்ப்பேரிலேயே ‘மல்லாட்டை பதிப்பகம்’ என்று பேர் வைத்தாள். பெரியவங்களுக்குப் படக்கதையா என்று சிரித்தவர்களும் கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டுத்தான் கீழே வைத்தார்கள்.

நான்காவது புத்தகம் பூமாலையின் கதை. காலனியிலிருந்து ஜெயித்த வார்டு மெம்பர் அவள். ஊராட்சிக் கூட்டத்தில் அவளை மட்டும் தரையில் உட்காரச் சொன்னார்கள். அடுத்த கூட்டத்துக்கு வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் சுமந்து போனாள். ஊர்ப் பெரிய மனுஷன் ஒருவன் அதை எட்டி உதைத்தான். அந்த உதைதான் இருபத்திரண்டாம் பக்கம். நாற்காலியை நிமிர்த்தி, முந்தானையால் துடைத்து அவள் உட்காருவது அடுத்த பக்கம்.

திண்டிவனத்தில் அச்சகம் வைத்திருக்கும் மாசிலாமணி, புத்தகத்தை அச்சேற்றும் முன் கலையரசியைக் கூப்பிட்டனுப்பினார்.

“அந்த ஒரு பக்கத்த எடுத்துடும்மா. எவனோ அத போட்டோ புடிச்சி அந்தப் பெரிய மனுஷனுக்கே அனுப்பிட்டான். அவரு மூஞ்சி மாதிரியே இருக்குதாம். எனக்கு எதுக்கு இந்த பேஜாரு?”

“நான் அவர பார்த்ததே இல்லண்ணே. ஒதைக்கிறவன் மூஞ்சி தன் மூஞ்சின்னு அவருக்கே தோணுச்சின்னா நான் இன்னா பண்றது?”

“வேற பிரஸ்லயும் எடுக்க மாட்டாங்க. எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிட்டாங்க.”

“எடுக்காட்டி போவட்டும். புக்கு வரும்.”

படங்களை வாங்கிக்கொண்டு விறுவிறுவென வெளியே வந்தாள். பஸ் ஏறினாள். இறங்கியதும் நேரே பூமாலை வீட்டுக்குப் போனாள்.

“பயமா இருந்தா விட்டுடலாங்க்கா.”

“நாற்காலிய தூக்கிக்கினு நடந்தப்பவே பயத்த எறக்கி வச்சிட்டேன். நீ வேலய பாரு.”

விழுப்புரத்தில் ஆறு ஜெராக்ஸ் கடைகள். ஒரு கடைக்கு ஐந்தாறு பக்கம் என்று பிரித்துக் கொடுத்தாள். இருபத்திரண்டாம் பக்கத்தை மட்டும் யாரிடமும் தரவில்லை. அடுத்தவரை மாட்டிவிட அவளுக்கு மனசில்லை. இருநூறு புத்தகத்துக்கும் தன் கையாலேயே வரைந்தாள். மணிக்கட்டு வீங்கியது. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு வரைந்தாள். உதைக்கும் ஆளின் முகம் இருநூறு விதமாக வந்தது.

கண்டாச்சிபுரம் சந்தையில் பாய் விரித்துக் கலையரசியும் பூமாலையும் உட்கார்ந்தார்கள். பத்து மணிக்கே அந்தப் பெரிய மனுஷனின் ஆட்கள் ரெண்டு பேர் வந்தார்கள். ஒருவன் ஒரு புத்தகத்தை எடுத்து நாலாகக் கிழித்தான்.

கலையரசி இன்னொன்றை அவன் முன் நீட்டினாள். “இதயும் கிழிங்க. கையால வரைஞ்சது. திரும்ப வரைய எனக்குக் கை இருக்குது.”

காய்கறி விற்ற பெண்கள் தராசை வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். “இன்னாடா அதுல, கிழிக்கிற அளவுக்கு?” என்று ஒருத்தி புத்தகத்தைப் பிடுங்கிப் புரட்டினாள். சுற்றிலும் கூட்டம் சேர, வந்தவர்கள் நழுவினார்கள். மதியத்துக்குள் பாய் காலியானது.

அந்த வாரமே போன்கள் வர ஆரம்பித்தன. கூட்டத்துக்கே கூப்பிடாமல் கையெழுத்து மட்டும் வாங்கிப்போகிறார்கள் என்றாள் ஒரு மெம்பர். கொடியேற்ற விடவில்லை என்றாள் ஓர் ஊராட்சித் தலைவி. “என் கதையும் போடுவியாம்மா?”

மாசிலாமணியும் போனில் பேசினார். மறுபதிப்பை, ஒரு பக்கமும் விடாமல், தானே போட்டுத் தருவதாகச் சொன்னார். “யோசிச்சி சொல்றேண்ணே” என்று வைத்துவிட்டாள். அவளுக்கு அப்போது நேரமில்லை. கொடியேற்ற முடியாமல்போன தலைவியின் எதிரில் நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

“சொல்லுங்கக்கா. அன்னிக்கி இன்னா கலர் பொடவ கட்டிக்கினு போனீங்க?”