வேப்பமரம் எந்தத் தெரு?

உத்தமபாளையத்துக்குத் தெற்கே, வாய்க்கால் பாசனத்தில் இரண்டு போகம் விளையும் ஓர் ஊரில் சுருளியாண்டி என்றொரு சம்சாரி இருந்தார். சந்தேகப்படுவதை அவர் ஒரு பொறுப்பாகவே செய்துவந்தார். அறுப்புக் காலத்தில்கூட அதற்கு ஓய்வு கொடுத்ததில்லை. தேனி பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டு இவர் முன்னால் சாய்ந்தால், உடனே திரும்பிப் பின்சீட்டுக்காரரை முறைப்பார். யாரும் தள்ளாமல் ஒரு மனுசன் எப்படிச் சாய்வான்? பஸ் நின்றாலும் ஓடிவந்த உடம்பு ஓடத்தான் பார்க்கும் என்று பக்கத்தில் இருந்த வாத்தியார் ஒருவர் சொல்லிப் பார்த்தார். இறங்கும்வரை அந்த வாத்தியார் மேலும் ஒரு கண் வைத்திருந்தார் சுருளியாண்டி.

இப்பேர்ப்பட்டவரைத்தான் மேலத்தெரு தன் வடம் இழுக்கும் அணிக்குத் தலைவராக வைத்திருந்தது. வருசா வருசம் பொங்கலுக்கு மறுநாள் ஊர்க்களத்தில் மேலத்தெருவும் கீழத்தெருவும் இழுக்கும். எழுபத்தொன்றில் மேலத்தெரு தோற்றது. கீழத்தெருக்காரர்கள் ஏதோ தகடு புதைத்துச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சுருளியாண்டி அன்றே கண்டுபிடித்தார். அதை முறிக்க, மறு வருசம் தம் ஆட்கள் நிற்கும் இடத்தில் ஒரு குடம் மஞ்சள்தண்ணீர் ஊற்றச் சொன்னார். இன்னும் சீக்கிரமாகத் தோற்றார்கள். செய்வினை முற்றியிருக்கிறது என்று அடுத்த வருசம் மூன்று குடம் ஊற்றினார்கள். அந்த முறை கயிற்றைப் பிடித்தது தெரியும், கீழத்தெரு எல்லையில் போய் விழுந்ததும் தெரியும். நடுவில் நடந்தது யாருக்கும் தெரியாது.

தகட்டுக்கு இவ்வளவு சக்தி கிடையாது, உள்ளேயே ஓர் ஆள் இருக்கிறான் என்ற முடிவுக்கு வந்தார். கயிற்றின் கடைசியில் நிற்கும் தங்கபாண்டி மேல் கண் போயிற்று. அவன் அவருடைய அக்காள் மகன். மகள் செல்வமணிக்கு முறைமாப்பிள்ளை, பேசி முடித்த இடம். ஆனால் கீழத்தெரு டீக்கடையில் டீ குடிக்கிறவன். இந்தப் பொங்கலுக்கும் தோற்றால் தங்கபாண்டிக்குப் பெண் கிடையாது, கூடலூரிலிருந்து கேட்டு வந்தவர்களுக்கே கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். செல்வமணி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. தங்கபாண்டியைத் தவிர இன்னொருவன் வீட்டில் உலை வைக்கிற எண்ணம் அவளுக்கு இல்லை.

குற்றத்தை நிரூபிக்க, தேனியில் கமிஷன் கடை வைத்திருந்த ராஜமணியிடம் இரண்டு ஸ்பிரிங் தராசு இரவல் வாங்கி வந்தார் சுருளியாண்டி. கயிற்றின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்றைக் கட்டி, ஒரு முனையைத் தாம் பிடித்து, மறு முனையைத் தங்கபாண்டி கையில் கொடுத்தார். தம் முள் நாற்பதைக் காட்டியது. அவன் முள்ளும் நாற்பது. தம் கட்டி இழுத்தார். ஐம்பது, அங்கேயும் ஐம்பது. வேண்டுமென்றே கையைத் தளர்த்தினார். அவன் முள்ளும் இறங்கிற்று. தலைவன் தளர்ந்தால் இவனும் தளர்கிறான், இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கூடியிருந்தவர்களைப் பார்த்துக் கேட்டார்.

தங்கபாண்டி தன் முனைத் தராசை வேப்பமரத்தில் கட்டிவிட்டு மறுபடி இழுக்கச் சொன்னான். இவர் இழுக்க இழுக்க, மரத்தின் முள்ளும் இவர் முள்ளோடு கூடவே ஏறியது, கூடவே இறங்கியது.

"மாமா, இந்த மரமும் கீழத்தெருதானா?"

சுருளியாண்டி மரத்தை ஒரு முறை சுற்றி வந்து பார்த்தார். பிறகு தராசு இரண்டையும் ராஜமணி பேசி வைத்து அனுப்பியிருக்கிறார் என்று முடித்துக்கொண்டார். கயிறு யாருக்கும் ஓரவஞ்சனை செய்வதில்லை, ஒரு முனையில் உள்ள இழுவைதான் மறு முனையிலும் இருக்கும் என்ற எளிய செய்தியை ஏற்றால், பிறகு யாரைச் சந்தேகப்படுவது?

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் செல்வமணி. இரண்டு பக்கமும் இழுவை ஒன்றுதான் என்றால் மிச்சம் இருப்பது கால்தானே என்று அவளுக்குப் பட்டது. தினமும் குடத்தோடு வாய்க்கால் கரை ஏறுகிறவளுக்கு, ஈர வண்டலில் கால் என்ன பாடுபடும் என்று தெரியும். அய்யாவிடம் அதைச் சொல்லிப் பயனில்லை என்பதும் தெரியும். அதனால் அவருக்குப் புரிகிற பாசையில் சொன்னாள்.

"தகடு நம்ம பக்கம் இல்ல அய்யா. பொதச்சவுக அவுக காலடியிலதான வச்சுக்கிருவாக? தண்ணிய அங்கன ஊத்துனாத்தான் முறியும்."

சுருளியாண்டி யோசித்துப் பார்த்தார். இதில் சந்தேகம் இருந்தது. எனவே உண்மையாகத்தான் இருக்கும் என்று ஒப்புக்கொண்டார்.

எழுபத்துநாலு பொங்கலில் செல்வமணி ஐந்து குடம் மஞ்சள்தண்ணீரைக் கீழத்தெரு ஆட்கள் நிற்கும் இடத்தில் ஊற்றினாள். கீழத்தெருத் தலைவர் அய்யாத்துரை அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு துண்டை இறக்கிக் கும்பிட்டார். விசில் அடித்ததும் அவர்கள் காலை ஊன்றினார்கள், மண் வழுக்கியது. கை பலத்தில் குறைவில்லை. கால் பின்னால் உந்துவதற்குத் தரைதான் பிடி கொடுக்கவில்லை. காய்ந்த மண்ணில் குதிகாலைப் புதைத்து நின்ற மேலத்தெரு, பத்துப் பேரையும் சேறும் மஞ்சளுமாகத் தன் பக்கம் இழுத்துப் போட்டது.

தெருவே தங்கபாண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது. இனி பெண் இல்லை என்று சொல்ல வழியில்லை. சாயங்காலம் சுருளியாண்டி மகளைத் தனியே கூப்பிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"ஏத்தா, தகடு அங்கனதான் இருக்குன்னு ஒனக்கு யாரு சொன்னது?"

மரத்தில் தராசைக் கட்டிக் காட்டிய தங்கபாண்டி பேர் வந்தால் கல்யாணம் அத்தோடு போச்சு. செல்வமணி குடத்தைக் கழுவியபடியே நிமிராமல் சொன்னாள்.

"நீகதான் அய்யா. போன வருசம் தோத்துட்டு வந்த அன்னைக்கு, தூங்கயில சொன்னீக."

சுருளியாண்டி இந்த உலகத்தில் இதுவரை சந்தேகப்படாத ஆள் ஒருவர்தான். அந்த ஆளின் பேரைச் சொன்ன பிறகு அவருக்குக் கேட்க ஒன்றுமில்லை. மாசியில் முகூர்த்தம் பார்க்கச் சொல்லி அக்காள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.