பொத்தேரி என்றொரு மேய்ச்சல் நிலம்

சென்ற வாரம் என் தங்கை சான்பிரான்சிஸ்கோவிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். செங்குத்தான தெரு, இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி மரவீடுகள், கோடியில் துளிக் கடல். புதிதாக வாடகைக்குப் பிடித்திருக்கும் வீடாம். "பொத்ரேரோ ஹில்லுண்ணா. பேரே நல்லாயிருக்குல்ல?" என்று குரலும் அனுப்பியிருந்தாள். நன்றாயிருக்கிறது என்று பதில் போட்டுவிட்டு அலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

மனசு கேட்கவில்லை. திரும்ப எடுத்து வரைபடத்தில் அந்தச் சொல்லைத் தட்டினேன். மெக்சிகோவில் இருக்கிறது, கோஸ்டா ரிக்காவில் கடலோரமாக ஒன்று இருக்கிறது, அர்ஜென்டினாவில் இருக்கிறது, கலிபோர்னியாவில் குன்றாகவும் சிற்றூராகவும் இருக்கிறது. ஸ்பானியர்கள் குதிரையும் மாடும் ஓட்டிக்கொண்டு போன வழியெல்லாம் அந்தப் பெயரை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அர்த்தம் பிரமாதமாக ஒன்றுமில்லை. மேய்ச்சல் நிலம். சென்னையில் மந்தைவெளி என்கிறோமே, அதன் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த பொத்ரேரோ மட்டும் வரைபடத்தில் இல்லை. அது ஷார்ஜாவைத் தாண்டி, பாலைவனத்துக்குள் இருந்தது. இருந்தது என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு வாக்கில் ஒரு வளைவும் ஒரு விளம்பரப் பலகையும் ஒரு துண்டு புல்லுமாக இருந்தது.

அப்போது அமீரகத்தில் வெறும் மணலைக் காட்டி வில்லா விற்றார்கள். பெயர் மட்டும் மணலாக இருக்கக் கூடாது. இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் என்று எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். எங்கள் திட்டத்துக்கு ஸ்பெயின் வாய்த்தது. நான் டிப்ளமோ முடித்த கையோடு திருச்சியிலிருந்து போய், அந்தத் திட்டத்துக்குத் தோட்டம் போடும் கம்பெனியில் வரைவாளனாகச் சேர்ந்திருந்தேன். கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் 'புல்' என்று ஒரு தட்டுத் தட்டினால் அவ்வளவு இடமும் பச்சைக் கோடுகளாக நிரம்பிவிடும். ஒரு மதியத்துக்குள் பாலைவனத்தில் பல ஏக்கர் மேய்ச்சல் நிலம் உண்டாக்கிவிட்டு, பெரிய ஆள் மாதிரி டீ குடிக்கப் போவேன். சம்பளமும் அதற்குத் தகுந்த மாதிரிதான் இருந்தது.

அந்தப் புல்லை நிஜத்தில் வளர்க்க வேண்டிய ஆள் அடைக்கலம். புதுக்கோட்டைப் பக்கம். வயது நாற்பதுக்கு மேல். மீசைக்கு மை போடுவார்; தலைக்குப் போட மாட்டார். கேட்டால், "மீசைதான் தம்பி ஆம்பளைக்கு மொகப்பு. தலையில தொப்பி வருது, யாரு பாக்குறா?" என்பார். ஊரில் ஒரு மந்திரி பங்களாவில் தோட்டக்காரராக இருந்ததாகச் சொல்வார். சொல்லும்போதெல்லாம் மந்திரி கட்சி மாறிவிடுவார். சீட்டாட்டத்தில் வாய் கூசாமல் ஏமாற்றுவார். எங்கள் கம்பெனி விடுதி ஷார்ஜா ஓரத்தில் முவைலாவில் இருந்தது. ஆபீஸ் ஆட்களுக்கு மேல்மாடி, லேபருக்குக் கீழ்த்தளம். வெள்ளிக்கிழமை ஆனால் நான் கீழேதான் கிடப்பேன். அவர் வைக்கும் கருவாட்டுக் குழம்பு வாசம் படியேறி வந்து ஆளை இறக்கிவிடும். மேல்மாடிக்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு இறங்குவேன்.

பொத்ரேரோ என்பது அவர் வாயில் நுழையவில்லை. "என்னமோ பேரு... தாம்பரம் தாண்டி ரயில் டேசன் வருமே, பொத்தேரி, அதுதான?" என்றார். அதிலிருந்து தமிழாட்கள் எல்லாருக்கும் அது பொத்தேரி. காலையில் பஸ் போய் நிற்கும்போது, "பொத்தேரி எல்லாம் எறங்கு" என்று கத்துவதும் அவர்தான். பட்டான் டிரைவருக்கு ஒன்றும் புரியாது. "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்துவான்.

அந்த நிலத்தில் எங்களுக்கு முன்பே ஒருவர் இருந்தார். நிலம் அவருடையதல்ல, ஒட்டகங்கள் அவருடையவை. அந்த ஊர்க்காரர், எழுபது வயதிருக்கும், பழைய பிக்கப் ஓட்டிக்கொண்டு வருவார். ஹாஜி என்று கூப்பிடுவோம். எங்கள் சைட் ஒரு தாழ்ந்த பள்ளம். குளிர்காலத்தில் நாலு தூறல் விழுந்தால் போதும், மணல்மேல் பச்சைத் தூள் தூவியது மாதிரி செடி கிளம்பிவிடும். அதற்காக வருஷா வருஷம் ஒட்டகங்களை அங்கே ஓட்டிவருவாராம். நாங்கள் வேலி போட்ட பிறகு அவை வேலியோரமாக நின்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அடைக்கலண்ணன் மாதிரிப் பாத்தியில் வெட்டிய புல்லை அள்ளிக்கொண்டுபோய் வெளியே போடுவார். பதிலுக்கு ஹாஜி ஒரு கிண்ணம் நிறையப் பால் கறந்து கொடுப்பார். உப்புக் கரிக்கும், நுரை மீசையில் ஒட்டும். அண்ணன் மையைக் காப்பாற்றிக்கொண்டு அதைக் குடிக்கும் அழகைப் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் ஹாஜி விளம்பரப் பலகையைக் காட்டி, இது என்ன பெயர் என்று கேட்டார். அங்குள்ள முதியவர்கள் நன்றாகவே இந்தி பேசுவார்கள். என் இந்திதான் நொண்டி. ஸ்பானிஷ் வார்த்தை ஹாஜி, ஆடு, குதிரை, ஒட்டகம் எல்லாம் மேய்கிற இடம் என்று கையையும் காலையும் ஆட்டிச் சொன்னேன்.

"மர்ஆ?" என்றார். மேய்ச்சல் நிலத்துக்கு அரபியில் அதுதான் பெயர்.

"ஆமாம் ஹாஜி. மர்ஆ."

அவர் பலகையைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். "என் தகப்பன் காலத்திலேயே இது மர்ஆதானே. அதைச் சொல்ல ஸ்பெயினிலிருந்து ஆள் வரணுமா?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்த வயதில் எனக்கு அது வெறும் வேடிக்கையாகத்தான் பட்டது.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். பெரிய மனிதர்கள் வருகிறார்கள், புல்வெளி நடுவே மேடை. பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிய புல் லாரி லாரியாக வந்தது. விரித்தோம். தண்ணீர் லாரிதான் ஒழுங்காக வரவில்லை. கம்பெனி அதற்குச் சிக்கனம் பார்த்தது. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது புல் முழுக்க வைக்கோல் நிறத்துக்குப் போய்விட்டது. மேனேஜர் வந்து பார்த்தார். கத்தவில்லை, ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் அவர் வண்டியில் பச்சைச் சாயம் டின் டின்னாக வந்து இறங்கியது.

"அடி," என்று அண்ணனிடம் சொன்னார். "விழா முடிந்ததும் புல்லை மாற்றிக்கொள்ளலாம்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். அண்ணனுக்கு அதில் வருத்தம் எதுவும் இருந்ததாகச் சொல்ல முடியாது. மருந்தடிக்கும் பம்பைக் கழுவி, சாயத்தைக் கரைத்து ஊற்றி, முதுகில் மாட்டிக்கொண்டு குஷியாகவே அடித்தார். முடித்துவிட்டு, "பாருங்க தம்பி, மந்திரி பங்களா தோத்துச்சு" என்றார். அருமையாகத்தான் இருந்தது. கிட்டே போனால் மட்டும் புதுக் கதவு வாசம். விழா அன்று அந்த வாசத்தை அமுக்கக் கரண்டி கரண்டியாக ஊது என்கிற அகில் கட்டையைப் புகைத்தார்கள். இன்றைக்கும் யார் வீட்டிலாவது பெயின்ட்டும் சாம்பிராணியும் சேர்ந்து அடித்தால் வாசலோடு திரும்பிவிடுவேன்.

விழா நன்றாக நடந்தது. வில்லாக்கள் விற்றன.

மறுநாள் காலை, மேடைச் சாமான்களை ஏற்றுவதற்காக ஒரு பக்கத்து வேலியைக் கழற்றி வைத்திருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஒட்டகங்கள் உள்ளே வந்துவிட்டன. அவற்றுக்குத் தெரிந்த வழி. யாரும் ஓட்டிவர வேண்டியதில்லை. அண்ணன் தொப்பியைக் கழற்றி வீசிக்கொண்டு ஓடினார். மற்றவை விலகி ஓடின. எங்களுக்குப் பால் கொடுக்கும் அந்தப் பெண் ஒட்டகம் மட்டும் படுத்திருந்தது. எழுந்திருக்கவில்லை. வாயோரம் பச்சை நுரை. மதியத்துக்குள் செத்துப்போனது.

ஹாஜி வந்து அதன் தலைமாட்டில் உட்கார்ந்தார். தலைத்துணியை அவிழ்த்து அதன் வாயைத் துடைத்தார். துணியில் ஒட்டிய பச்சையை முகர்ந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கோன் போலா?" என்றார். யார் சொன்னது?

அண்ணன் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் அண்ணனைப் பார்த்தார். "சாயத்தில் ஒன்றும் இல்லை. இவன் பம்பைக் கழுவாமல் அடித்திருப்பான். பூச்சி மருந்து மிச்சம் இருந்திருக்கும்" என்றார்.

"மூணு வாட்டி கழுவுனேன் சார்," என்றார் அண்ணன், தமிழில். அவருக்கு அவசரத்தில் வேறு எந்தப் பாஷையும் வரவில்லை.

போலீஸ் வந்து அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனது. நானும் ஒரு டாக்சி பிடித்துப் பின்னாலேயே போனேன். சாயம் கொண்டுவந்தது யார், அடிக்கச் சொன்னது யார், என் காதால் கேட்டதை அதிகாரியிடம் சொன்னேன். அவர் பொறுமையாகவே கேட்டு எழுதிக்கொண்டார். கம்பெனி தரப்பில் அரசாங்கக் காரியம் பார்க்கும் ஆள் வந்தார். தொழிலாளி தன்னிஷ்டத்துக்குச் செய்த காரியம் என்றார். ஹாஜி மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "இந்த ஆள் மேல் எனக்குப் புகார் கிடையாது. சொன்னவன் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அது போதும்" என்றார்.

அஸ்தமனம் வரை காத்திருந்தார். யாரும் வரவில்லை. தொழுதுவிட்டு, அண்ணனின் தோளில் ஒரு தடவை கைவைத்துவிட்டுப் பிக்கப்பில் ஏறிப் போனார்.

அண்ணனை விட்டுவிட்டார்கள். ஆனால் மறுநாளே கம்பெனி விசாவை ரத்து செய்தது, மறுபடி அந்த நாட்டுக்குள் வர முடியாதபடி தடையோடு. கேளுங்கள், அடுத்த வாரம் அவர் லீவில் ஊருக்குப் போவதாக இருந்தது. டிக்கெட் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. அந்த டிக்கெட்டிலேயே அனுப்பிவிட்டார்கள். அதிலும் சிக்கனம்.

என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை. ஆபீஸில் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். என் மேஜைக்கு வேலை வராது. டீ மட்டும் வரும். இரண்டு மாதம் அந்த டீயைக் குடித்துவிட்டு, தோஹாவில் வேறு வேலை தேடிக்கொண்டு போனேன். நஜ்மாவில் அறை, ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் வேலை. புல் போய், குழாய்ப் படம் வரைய ஆரம்பித்தேன். குழாய் வாடாது, அதுவரை நிம்மதி.

ஒரு நாள் நஜ்மாவில் பரோட்டாக் கடை வாசலில் நிற்கும்போது அண்ணன் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு ஒத்தாசை. வீட்டுல லீவுல வந்துருக்கேண்டுதான் சொல்லிருக்கேன்."

"இன்னுமாண்ணே?"

"ஆமா. லீவு முடிஞ்சு நாளாச்சு. எப்பக் கெளம்புறீகண்டு ஊரே கேக்குது. நீங்க ஒரு போனப் போட்டு, கம்பெனில வேலை கம்மி, லீவை நீட்டிருக்காகண்டு எங்க வீட்டுல சொல்லிருங்க. நான் சொன்னா நம்பமாட்டா. நீங்க ஆபீஸ் ஆளு. சாயங்காலமாப் பேசுங்க, நான் கடைத்தெருவுக்குப் போயிர்றேன்."

சாயங்காலம் பேசினேன். அவர் மனைவி எடுத்தார். "அண்ணி, கம்பெனி ஆபீஸ்லேர்ந்து பேசறேன்" என்று ஆரம்பித்து, ஒத்திகை பார்த்ததை எல்லாம் ஒப்பித்தேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். "சரி தம்பி. சாப்ட்டீகளா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"தம்பி, ஒண்ணு கேக்கவா? லீவுல வர்றவுக தலகாணி, கம்பளியெல்லாமா தூக்கிட்டு வருவாக?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"முந்தி வந்தப்பல்லாம், திரும்பிப் போயிப் படுக்கணுமில்லண்டு ரூம்புலயே போட்டுட்டுத்தான் வருவாக. இந்தத் தரம் எல்லாத்தையும் சுருட்டிக் கட்டிக் கொண்டாந்துருக்காக. கட்டை அவுத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. எனக்குத் தெரியும்டு அவுககிட்டச் சொல்லிராதீக. நீங்க சொன்னதையே நானும் சொல்லிக்கிறேன்."

அண்ணன் ராத்திரி கூப்பிட்டு, "நம்பிட்டா தம்பி" என்றார், சந்தோஷமாக.

அடுத்த வருடம் உலகத்துக்கே பணமுடை வந்தது. அதற்கும் பிறகு ஒரு முறை வேலையாக ஷார்ஜா போனபோது, நண்பன் வண்டியில் பொத்தேரிக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு வில்லாகூட எழும்பியிருக்கவில்லை. வளைவு நின்றது, எழுத்துகளைக் கழற்றியிருந்தார்கள். பள்ளத்தை மேடாக்கி உருளை ஓட்டி இறுக்கிய தரை சிமென்ட் மாதிரி கிடந்தது. அந்த வாரம்தான் மழை பெய்திருந்தது. சுற்றியிருந்த மணல்மேடெல்லாம் லேசாகப் பச்சை பூத்திருக்க, எங்கள் மேய்ச்சல் நிலத்தில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. ஒட்டகம் எதுவும் கண்ணில் படவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் காவலாளியிடம் ஹாஜியைப் பற்றி விசாரித்தேன். "மாஃபி," இல்லை என்று கையை விரித்தான். ஊரில் இல்லையா, உலகத்திலேயே இல்லையா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

இதை அண்ணனிடம் சொன்னால் ஒரு சிரிப்பாவது சிரிப்பார் என்று அங்கிருந்தே போன் போட்டேன். அவர் மனைவிதான் எடுத்தார்.

"அவுக தவறி ரெண்டு மாசமாச்சு தம்பி. நெஞ்சுவலி. ஒங்க நம்பரு எனக்குத் தெரியல."

பிறகு அவரே சொன்னார்: "கடைசி வரைக்கும் லீவுலதான் இருந்தாக."

இப்போது அந்த இடத்தை வேறு ஒரு கம்பெனி வாங்கிவிட்டது என்று கேள்வி. வளைவை இடித்துவிட்டார்களாம், பெயரும் மாறிவிட்டதாம், இந்தத் தடவை இத்தாலியிலிருந்து. முவைலாவில் நாங்கள் இருந்த விடுதியும் இல்லை. தங்கையின் படத்தைப் பார்த்த அன்று மாலை, பழைய டைரி எதையும் தேடாமல் மனப்பாடமாகவே அண்ணியிடம் பேசலாமென்று அந்தப் புதுக்கோட்டை எண்ணை அடித்தேன். மணி போயிற்று. ஓர் இளம் குரல் எடுத்தது. அடைக்கலம் வீடுதானே என்று கேட்டேன்.

"அப்படி யாரும் இங்க இல்லீங்களே," என்றது.