லோர்னா டீச்சரின் ஐம்பது கடிதங்கள்

டல்லாரூ என்ற சின்ன ஊரின் தொடக்கப்பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பாடம் எடுத்தவர் லோர்னா பிக்கட். அவர் வகுப்பில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதினால் மதிய இடைவேளை முழுக்கக் கொடிக்கம்பத்தடியில் வெயிலில் நிற்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் ஒரு தடவையாவது நின்றவர்கள்தான்.

ஓய்வுக்குப் பிறகு ரோஜாச் செடி வளர்த்துக்கொண்டிருந்தவரை அவற்றுக்குத் தண்ணீர் விடவும் மறக்க வைத்தது ஊருக்கு வெளியே இருந்த நிலக்கரிச் சுரங்கம். இரண்டு வருடத்தில் மூடவேண்டிய அதை இன்னும் இருபத்தெட்டு வருடம் நீட்டிக்க அரசு முக்கால்வாசி தலையாட்டிவிட்டது. நீட்டித்தால் குழி ஓடையை விழுங்கிவிடும். ஊருக்கே குடிநீர் அந்த ஓடையில்தான். ஐம்பது பேர் ஆட்சேபித்து எழுதினால் விஷயம் அதிகாரிகளின் கையைவிட்டு ஒரு தனி ஆணையத்திடம் போகும். ஆணையம் ஊருக்கே வந்து எல்லோர் பேச்சையும் கேட்கும். நாற்பத்தொன்பது என்றால் அதிகாரிகளின் மேசையிலேயே அனுமதிக் கையெழுத்து.

லோர்னா இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு காற்புள்ளி பிசகவில்லை. எண்பது பிரதி எடுத்து, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, தன்னுடையதையும் சேர்த்து அனுப்பிவிட்டு ஒயின் பாட்டிலைத் திறந்தார்.

கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்பு ஓர் இளம் அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார்.

“மிசஸ் பிக்கட், உங்க ஊர்லேர்ந்து ஒரு ஆட்சேபணை வந்திருக்கு.”

“ஒண்ணா? எண்பத்தொண்ணு அனுப்பினேனேப்பா!”

“எல்லாம் ஒரே வாசகம். அப்படி எத்தனை வந்தாலும் ஒண்ணாத்தான் எண்ணுவோம். அவங்கவங்க சொந்தமா எழுதணும்.”

லோர்னா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஊரையே காப்பியடிக்க வைத்திருக்கிறார். கொடிக்கம்பத்தடியில் நிற்க வேண்டியவர் அவர்தான்.

மறுநாள் ஊர் மண்டபத்தில் மேசைக்கு மேசை காகிதமும் பென்சிலும் வைத்து எல்லோரையும் உட்கார வைத்தார்.

“நீங்களே எல்லாத்தையும் எழுதிட்டீங்க டீச்சர். இனிமே நான் என்னத்த எழுத?” என்றான் பிளம்பர் டெஸ் க்ரவுடர்.

“உனக்கு எதுல கோபமோ அத எழுது.”

“அங்க வெடி வைக்கறப்பல்லாம் என் நாய் என் கட்டில்லயே மோண்டு வைக்குது.”

“அதையே எழுது.”

“கவர்மெண்டுக்கா?”

“அவங்களும் நாய் வளக்கறவங்கதான். எழுதுடா.”

“டீச்சர்! வாண்டா என்னோடதப் பாத்து எழுதறா!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல்.

“இவ எழுதறத நான் ஏன் பாக்கறேன்? நான் கொடியில காயற துணி கறுக்கறதப் பத்தி எழுதறேன்!” என்றாள் பேக்கரி வாண்டா.

“கையால மறைச்சுக்கிட்டு எழுதுங்க ரெண்டு பேரும்.”

லோர்னா மேசைகளுக்கு நடுவே நடந்தார். எழுத்துப் பிழைகள் கண்ணைக் குத்தின. திருத்த ஆரம்பித்தால் மறுபடி எல்லாம் ஒரே குரலாகிவிடும். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சாயங்காலம் எண்ணினார்கள். நாற்பத்தெட்டு. முதலில் போன கடிதத்தோடு நாற்பத்தொன்பது.

வாசலில் மனைவிக்காகக் காத்திருந்தான் நார்ம் ஹாட்செட். சுரங்கத்தில் லாரி ஓட்டுபவன். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

“என்ன ஏன் பாக்கறீங்க? எனக்குச் சோறு அங்கதான்.”

“உன்ன யாரும் கேக்கல நார்ம். வீட்டுக்குப் போ,” என்றார் லோர்னா.

அவன் கார் வரைக்கும் போனான். திரும்பி வந்தான்.

“சுரங்கம் இருக்கட்டும், ஓடையத் தொட்டா மட்டும் எதிர்ப்பேன்னு எழுதினா சேருமா டீச்சர்?”

“சேரும்.”

“ஆனா வெளிய யாருக்கும் தெரியக்கூடாது.”

“மேல உன் பேரப் போடணும்டா.”

நார்ம் மண்டபத்துக்குள் வந்தான். பிறகு டெஸ் காதில் செருகியிருந்த பென்சிலை உருவிக்கொண்டு, மனைவிக்குத் தெரியாமல் மறைத்து மறைத்து எழுதினான். நான்கு வரிக்கு இருபது நிமிடம்.

ஆணையம் வந்தது, இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டது. சுரங்கத்தை மூடச் சொல்லவில்லை. ஓடையைத் தொடக்கூடாது, இருபத்தெட்டுக்குப் பதில் பத்து வருடம் என்றது. ஊர் கைதட்டியது. லோர்னா தட்டவில்லை.

அந்தப் பத்து வருடத்தில் மூன்றைத்தான் அவர் உயிரோடு இருந்து பார்த்தார். அந்த மூன்று வருடமும், பத்து எதற்கு, ஐந்து போதாதா என்று கேட்டு மாதம் ஒரு கடிதம் ஆணையத்துக்குப் போனது. ஒவ்வொன்றும் வேறு வேறு வாசகத்தில்.