தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால்

லாரி பட்டறைக்குள் போய்விட்டால் எனக்கு வீடு கொள்ளாது. வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் இரண்டு அறையும் ஒரு வேப்பமரமும் உள்ள வீடு. காலையில் எழுந்து வாசல் வரை போவேன், திரும்பி வருவேன், செருப்பை மாட்டுவேன், கழற்றுவேன். மூன்றாவது தடவை கழற்றும்போது மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். உட்கார்ந்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். இருபத்தெட்டு வருஷமாக ஆக்ஸிலேட்டர் மிதித்த கால், சும்மா இருக்கச் சொன்னால் கேட்பதில்லை.

போன வருஷம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுப்பதற்காக வண்டி பன்னிரண்டு நாள் பட்டறையில் நின்றது. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் பட்ட தவிப்புக்குக் காரணம் வேறு. அதைச் சொல்ல வேண்டுமானால் இரண்டு மாதம் முன்னால் தொப்பூரிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் வண்டிக்கு இரண்டு டிரைவர். ஒருவன் நான். இன்னொருவர் என்னைவிட ஏழு வயது மூத்தவர், சோமனூர்க்காரர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஒன்பது வருஷமாக ஒரே கேபினில் இருந்தோம். சோமனூரில் துணி பேல் ஏற்றி பெங்களூருக்குப் போவோம், திரும்பும்போது கோவைக்கு இரும்புத் தகடு வரும். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் சீட்டுக்குப் பின்னால் பலகையில் படுத்துக்கொள்வார். வேறு யார் ஓட்டினாலும் எனக்குத் தூக்கம் வராது. அவர் ஓட்டினால் மட்டும் பலகையில் சாய்ந்ததும் குறட்டை விட்டுவிடுவேன் என்று அவர் எல்லோரிடமும் சொல்வார்.

நான் தூங்கியதற்குக் காரணம் அவருடைய காது. பேரிங் போகப் போகிறதென்றால் மெக்கானிக்குக்கு முன்னால் அவருக்குத் தெரியும். ஒரு தடவை பவானி பாலத்தின் மேல் போகும்போது "ஜாயின்ட் அழுவுது" என்று சொல்லி ஓரங்கட்டினார். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. இறங்கிப் பார்த்தால் பின் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் கிராஸ் ஜாயின்டில் இரண்டு போல்ட் லூஸாகிக் கையோடு வந்தது. தினமும் காலையில் ஏர் டேங்கில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிடுவார், ஸ்பேனரால் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டு வருவார், அந்தச் சத்தத்தை வைத்தே எதில் காற்று குறைவு என்று சொல்வார். சக்கரத்துக்குக் கிரீஸ் அடிப்பது, பிரேக் அட்ஜஸ்ட் செய்வது, ஸ்பிரிங் பட்டையில் விரிசல் பார்ப்பது எல்லாம் என் வேலை. கேட்டுச் சொல்வது அவர் வேலை. நாங்கள் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்டதில்லை, அப்படி அமைந்துவிட்டது.

அன்றைக்குப் பெங்களூரிலிருந்து தகடு ஏற்றிக்கொண்டு வந்தோம். நல்ல வெயில் நேரம். அவர் ஓட்டினார், நான் விழித்துக்கொண்டு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். கிருஷ்ணகிரி தாண்டியதும் அவர் பிரேக் மிதித்தபோது என் காலுக்குக் கீழே, முன் சக்கரத்துப் பக்கம், 'ஸ்ஸ்' என்று ஒரு சீறல். காலை எடுத்ததும் நின்றுவிட்டது. மறுபடி மிதித்தார், மறுபடி சீறியது.

லாரியில் பிரேக் காற்றில்தான் வேலை செய்கிறது. மிதித்தால் மட்டும் காற்று ஒழுகுகிறது என்றால் சக்கரத்துக்குக் காற்று கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் எங்கோ வெட்டுப்பட்டிருக்கிறது. இது எனக்கே தெரியும்போது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? கேட்டிருப்பார், நல்ல இடம் பார்த்து நிறுத்துவார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கேட்டதை நான் முந்திக்கொண்டு சொன்னால் அவரைச் சோதிப்பது போலாகிவிடும். அதனால் ஒன்றும் தெரியாதவன் மாதிரி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

நிழலுள்ள இரண்டு டீக்கடை போயிற்று. பெட்ரோல் பங்க் போயிற்று. தருமபுரியும் போயிற்று. அவர் நிறுத்தவில்லை. சுங்கச்சாவடி வரிசையில் பிரேக்கை மிதித்தபடி நின்றோம். எஞ்சின் ஐடிலில் கிடந்ததால் சீறல் நன்றாகவே கேட்டது. இடது பக்கம் பைக்கில் நின்ற ஒருவர் குனிந்து எங்கள் சக்கரத்தைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் டாஷ்போர்டில் இருந்த துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காற்று காட்டும் முள் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது, காற்றை நிரப்பும் கம்பிரஸர் ஈடுகொடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் அதற்கப்புறம் தொப்பூர் இறக்கம். இருபது டன் இரும்பு முதுகில் இருக்க, மைல் கணக்கில் பிரேக் மிதித்துக்கொண்டே இறங்க வேண்டிய இடம். அங்கே காற்றுத் தீர்ந்துபோன வண்டிகள் என்னவாகின என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சிலவற்றைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

"அண்ணா, ஓரங்கட்டுங்க" என்றேன். அவர் திரும்பவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். என்னைப் பார்த்தவர், என் முகத்தில் என்ன இருந்ததோ, ஒரு வார்த்தை கேட்காமல் ஓரங்கட்டினார்.

நான் கேபினில் இருந்து பிரேக்கை மிதிக்க, அவர் கீழே இறங்கிச் சக்கரத்துக்குள் தலையை விட்டார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் பார்த்தேன். எனக்கு மேலேயே கேட்கிற சீறலுக்கு முன்னால், ஒரு முழ தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, அவர் ஹோஸை அங்குலம் அங்குலமாகக் கையால் தடவித் தேடினார். ஸ்டியரிங் திரும்பும்போது உரசி உரசி ஹோஸ் ஒரு இடத்தில் பிளந்திருந்தது. காற்று விரலில் அடித்ததும் கை நின்றது. அப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

மாற்று ஹோஸ் எப்போதும் பெட்டியில் இருக்கும். கால் மணி நேரத்தில் மாட்டிவிட்டார். கை கொஞ்சமும் பிசகவில்லை. முடித்ததும் கழிவுத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, நான் கேட்காமலே இடது பக்கம் போய் ஏறிக்கொண்டார். தொப்பூர் இறக்கத்தை ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் என் கையில் கொடுத்ததில்லை. அன்றைக்கு இறங்கி முடிக்கும் வரை என் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

அதற்குப் பிறகு அவர் ஓட்டும்போது என்னால் படுக்க முடியவில்லை. படுத்தாலும் காது மட்டும் விழித்திருந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தால் இவர் ஒதுங்குகிறாரா என்று கவனித்துக்கொண்டிருப்பேன். சில சமயம் ஒதுங்கினார், சில சமயம் பஸ்காரன் திட்டிக்கொண்டே முந்தினான். நான் எழுந்து முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வேன். தூக்கம் வரலையா என்பார், சூடுங்க என்பேன். இரண்டு மாதம் இப்படி ஓடியது. கண் எரிந்துகொண்டே இருந்தது, வீட்டுக்குப் போனால் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

இந்த நிலையில்தான் வண்டி எஃப்.சி.க்குப் போய் நின்றது. வண்டி முதலாளி எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர், தென்னந்தோப்பும் ஆறு லாரியும் வைத்திருப்பவர், கோபம் வராத மனுஷர். அவரிடம் சொல்லிவிடலாம் என்று போனை எடுப்பேன், வைத்துவிடுவேன். ஒன்பது வருஷம் ஒரே தட்டில் சோறு பகிர்ந்தவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் போய்ச் சொல்வதா? சொல்லாமல் விட்டு ஏதாவது ஆனால், ரோட்டில் யாரோ ஒருவர் குடும்பத்தோடு எதிரே வருவாரே? தினமும் பஸ் பிடித்துப் பட்டறைக்குப் போய் வந்தேன். பட்டறைக்காரர் கேபினுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார், பின் ஸ்பிரிங் கழன்று தரையில் கிடந்தது. செய்ய எனக்கு அங்கே வேலையில்லை. கழற்றி வைத்த நட்டுகளை டீசலில் கழுவிக் காயவைப்பேன், அடுத்த நாள் மறுபடி கழுவுவேன்.

எட்டாவது நாள் பட்டறைக்குப் போகாமல் சோமனூருக்குப் போனேன்.

அவர் வீடு இருக்கிற தெருவில் இரண்டு பக்கமும் தறி. பகலெல்லாம் தடதடவென்று தெருவே அதிரும். அங்கே யாரும் மெதுவாகப் பேசுவதில்லை, கடைக்காரரிடம் உப்பு கேட்பதுகூடக் கத்தல்தான். அந்தத் தெருவில் ஒருவருக்குக் காது போனால் யாருக்குத் தெரியும் என்று நடந்துகொண்டே நினைத்தேன்.

அவர் வெளியே போயிருந்தார். அக்கா, அவர் மனைவி, காபி கொடுத்தார். சுற்றி வளைக்காமல் அவரே ஆரம்பித்தார். கோயில் மணி அடித்தால் முதல் ஆளாகச் சட்டையை மாட்டுகிறவர் இப்போது நாலு ஞாயிற்றுக்கிழமையாகப் பூசைக்குத் தாமதம். கேட்டால் மணியே அடிக்கவில்லை என்று சண்டைக்கு வருகிறார். பெங்களூரில் இருக்கிற மகள் போன் செய்தால் சும்மா சரி சரி என்று சொல்லிவிட்டு அக்காவிடம் கொடுத்துவிடுகிறார். "நீங்களாச்சும் கேளுங்க தம்பி, எங்கிட்ட ஒத்துக்க மாட்டீங்கறாரு" என்றார்.

அண்ணன் வந்தார். என்னைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்துபோனது. வா போலாம் என்று வெளியே கூட்டிக்கொண்டு நடந்தார். தறிச் சத்தம் தேயும் வரை, ஊர் தாண்டி வாய்க்கால் வரை நடந்தோம். நின்றதும் நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"எட்டு மாசமாவுது. மொதல்ல வலது காது, பொறகு ரெண்டும்."

எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டேன்.

"உன்ற மூஞ்சியப் பாத்துத்தான் ஓட்டுனேன். உனக்கு ஏதாச்சும் சத்தம் கேட்டா புருவம் ஒரு மாதிரி சுருங்கும். நீ தூங்கறப்பக் கண்ணாடிய மட்டும் பாத்து மெதுவாப் போவேன். அன்னைக்குத் தொப்பூர் வர்றப்ப நீ அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துட்ட."

அவரை மதிக்கிறேன் என்று நினைத்து நான் மறைத்து வைத்த முகம்தான் அன்றைக்கு அவருக்கு இருந்த ஒரே காது. இரண்டு பேரும் அவரவர் பக்கம் வாயை மூடிக்கொண்டு, இருபது டன்னோடு அந்த இறக்கத்தை நோக்கிப் போயிருக்கிறோம். கோபம் வந்தது. எனக்குச் சொல்லியிருக்கலாம் என்றேன். சொன்னால் வண்டியை விட்டு இறங்க வேண்டியிருக்குமே என்றார். அதில் பொய் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் எட்டு மாதம் மறைத்திருப்பேன், இன்னும் கூடவே மறைத்திருப்பேன்.

"முதலாளிகிட்டச் சொல்லோணுமுங்கண்ணா" என்றேன்.

"நானே சொல்லிப்போடறேன். நீ கூட வா. எனக்கு அவர் சொல்றது கேக்கோணுமல்ல" என்றார்.

மறுநாள் தோப்புக்குப் போய்ச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று, முதலாளி சொன்னதை அவருக்கு உரக்கத் திருப்பிச் சொன்னேன். முதலாளி திட்டவில்லை. வண்டி ஓட்ட வேண்டாம், டாக்டரைப் பாருங்கள், குணமான பிறகு பேசிக்கொள்வோம் என்றார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து லாரிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். வண்டி பட்டறையில் இருக்கும்போது அந்தச் சாவி இவரிடம் ஏன் இருந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பட்டறைக்காரருக்கு மாற்றுச் சாவியைக் கொடுத்துவிட்டு, இதைத் தன்னிடமே வைத்திருந்திருக்கிறார்.

கோவையில் டாக்டர் பார்த்துவிட்டு, போன காது திரும்பாது, மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்றார். மெஷின் வைத்த முதல் நாள் வீட்டுத் தெருவில் அரை மணி நேரம்கூட அவரால் நிற்க முடியவில்லையாம், தறிச் சத்தம் மண்டைக்குள் அடித்திருக்கிறது. இரண்டு வாரம் கழித்து அக்கா எனக்குப் போன் செய்தார். ஒரு நாளைக்கு நாலு தடவை பஸ் ஸ்டாண்டு வரை போய் வருகிறார், கேட்டால் சும்மாதான் என்கிறார், சோறு சரியாக இறங்கவில்லை என்றார். எனக்கா தெரியாது அந்த நடை?

புதிதாக வந்த டிரைவர் முப்பத்தைந்து வயதுக்காரர், நல்ல மாதிரி, வண்டியை மெத்தையில் வைத்தது போல ஓட்டுவார். ஆனாலும் நான் பலகையில் புரண்டுகொண்டுதான் கிடக்கிறேன்.

போன மாதம் அந்த டிரைவர் தங்கை கல்யாணத்துக்கு லீவு போட்டார். சோமனூரில் நான் தனியாக லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். தார்ப்பாய் கட்டி முடிக்கும்போது அண்ணன் வந்து நின்றார், கையில் ஒரு பை. மகளைப் பார்க்கப் பெங்களூர் போகிறாராம், பஸ்ஸில் ஒரே கூட்டமாம். முதலாளியிடம் கேட்டுவிட்டு ஏற்றிக்கொண்டேன். இடது பக்கம் என் இடத்தில் உட்கார்ந்தார். காதில் மெஷின் இருந்தது. கதவு அடிக்கிற சத்தம், சீட்டுக் கம்பி கிரீச்சிடுவது, எஞ்சின் இரைச்சல், எதிர் லாரி போகிற காற்று, ஒவ்வொன்றுக்கும் முகத்தைச் சுளித்தார்.

"இத்தன சத்தத்துக்குள்ளயா நாம ஓட்டிட்டிருந்தோம்" என்றார்.

அவிநாசி தாண்டியதும் மெஷினைக் கழற்றி, டப்பாவில் வைத்து மூடி, பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் பின்னால் பலகைக்குப் போய்க் காலை நீட்டிவிட்டார். பெருந்துறை வருவதற்குள் குறட்டை.

சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது தோளைத் தொட்டு எழுப்பினேன். எழுந்து முகம் கழுவினார், சாப்பிடப் போவதற்கு முன்னால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றினார். டயரை ஸ்பேனரால் தட்டிவிட்டு உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார், அடுத்ததற்குப் போனார். பத்தாவது டயரில் காற்றுக் குறைவு என்றார். நான் மீட்டர் வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அவரிடம் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, இலை போட்டுவிட்டார்கள் வா என்று கூப்பிட்டுக்கொண்டே ஓட்டலுக்குள் போய்விட்டார்.