வாரம் ஒரு சாவு

மெத்தைக்காரரைப் பார்த்தால் யாரும் பயில்வான் என்றுதான் நினைப்பார்கள். கதவை அடைக்கிற தோள், முறுக்கிவிட்ட மீசை, தூண் தூணாகக் கால். ஆனால் அவருடைய பிழைப்பு படுப்பது. கடைவீதியின் பெரிய மெத்தைக் கடையில் அவர் விற்பனையாளர். ஸ்பிரிங்கா, நாரா, ரப்பரா என்று வாடிக்கையாளர் திருதிருவென்று விழிக்கும்போது, அவர் வாய் பேசாமல் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடுவார். முகத்தில் அப்படியொரு நிம்மதி பரவும். பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். சில நேரம் நிஜமாகவே தூங்கிப்போவார். வாடிக்கையாளர்களே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதையே கொடுத்துடுங்க" என்று முதலாளியிடம் சொல்வார்கள்.

இந்த உத்தியோகத்தை ஒத்துக்கொள்ளாத ஒரே ஜீவன், அவர் வீட்டிலேயே இருந்த மாமியார்.

"படுத்துக்கிட்டே வேலை பாக்கற மனுஷனை நான் இப்பதான்டி பாக்கறேன்" என்று மகளிடம் அங்கலாய்ப்பார். சமையலறையில்தான் சொல்வார். ஆனால் கூடத்தில் கேட்கிற அளவுக்குச் சொல்வார்.

அந்தச் சமயத்தில் ஊருக்கு வெளியே, கைவிடப்பட்ட கல்குவாரியில் ஒரு தொலைக்காட்சிக் கம்பெனி வந்து இறங்கியது. பழங்காலத்துப் போர்க்குடிகளைப் பற்றி ஒரு தொடர். வாரம் ஒரு கூட்டத்தாரின் கதை. ஸ்பார்ட்டாக்காரர்கள், ஹூணர்கள், வைக்கிங்குகள், மங்கோலியர்கள் என்று எல்லாரும் அந்த ஒரே குவாரியில்தான் மோதிக்கொள்ள வேண்டும். குதிரையிலிருந்து விழுகிறவர்களுக்குக் கீழே போட மெத்தை கேட்டார்கள். கொண்டுபோய்க் கொடுக்கப் போனவர் நம் ஆள்.

அங்கே உதவி டைரக்டர் பெண் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். செத்துக் கிடக்க வேண்டியவருக்கு இருமல். கேமரா பக்கத்தில் வரும்போதெல்லாம் பிணம் லொக்கு லொக்கென்று இருமியது.

அவள் மெத்தைக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணே, ஒரு நிமிஷம் இப்படிப் படுக்க முடியுமா?"

வாழ்க்கையில் யாரும் அவரிடம் இவ்வளவு பொருத்தமான உதவி கேட்டதில்லை. கழுத்தில் ஓர் அம்பை ஒட்டினார்கள். படுத்தார். ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தது, அசையவில்லை. குதிரை முகர்ந்து பார்த்தது, அசையவில்லை. "கட்" என்று கத்தியும் எழுந்திருக்காததால், பயந்துபோய் யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள்.

"தூங்கிட்டேன் மேடம்" என்றார், எழுந்து மீசையைத் துடைத்தபடி.

டைரக்டர் அவரை விடவே இல்லை. முதலாளியிடம் சொல்லி, படப்பிடிப்பு நாட்களுக்கெல்லாம் விடுப்பு வாங்கிக்கொடுத்தார். ஒட்டுத்தாடியும் சட்டையும் மாற மாற, மெத்தைக்காரர் சகல இனத்திலும் செத்தார். ஆற்றங்கரையில் மல்லாக்க, கோட்டைவாசலில் குப்புற, தேருக்கடியில் ஒருக்களித்து. ஒரு போரில் ஆள் பற்றாக்குறையால் காலையில் இந்தப் பக்கத்துக்காகவும், மத்தியானம் அந்தப் பக்கத்துக்காகவும் உயிரை விட்டார். "ரெண்டு நாட்டுக்கும் தியாகி நான்தான்" என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டார். மனைவிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியதும் தெருவே டிவி முன்னால் உட்கார்ந்தது. மெத்தைக்காரர் எங்கே கிடக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. "அதோ, யானை காலுக்குப் பக்கத்துல!" கடைக்கு வருகிறவர்களும் அடையாளம் கண்டு, "போன வாரம் ஈட்டி பாய்ஞ்சுதே, நீங்கதானே?" என்று விசாரித்துவிட்டு மெத்தை வாங்கிப் போனார்கள்.

மாமியாருக்குத்தான் மானம் போனது. எதிர்வீட்டுக்காரி வாசல் பெருக்கும்போது தினமும் கேட்பாள்: "என்னக்கா, உங்க மாப்பிள்ளை இந்த வாரமும் போயிட்டாராமே?"

மாமியார் எத்தனை நாள்தான் பொறுப்பார்? ஒரு நாள் குடையை எடுத்துக்கொண்டு குவாரிக்கே புறப்பட்டுப் போனார். ஈட்டியும் கேடயமுமாக நின்ற கூட்டம் தானாகவே வழிவிட்டது. நேராக டைரக்டர் நாற்காலி முன்னால் போய் நின்றார்.

"ஏம்ப்பா, இத்தனை பேர் இருக்காங்களே, உனக்கு என் மாப்பிள்ளை ஒருத்தர்தான் கிடைச்சாரா? வாரா வாரம் என் பொண்ணை விதவையாக்கினா நாங்க தெருவுல தலை நிமிர்ந்து நடக்க வேணாமா?"

டைரக்டர் எழுந்தே விட்டார். "அம்மா, இது நடிப்பும்மா..."

"நடிப்புதானே? அப்ப பிழைக்கிற மாதிரி நடிக்க விடு."

அம்பு ஒட்டிய கழுத்தோடு பத்து அடி தள்ளிப் படுத்திருந்த மெத்தைக்காரருக்கு இவ்வளவும் காதில் விழுந்தது. கண்ணைத் திறக்கத் தைரியம் வரவில்லை. செத்தது செத்ததாகவே கிடப்பது உத்தமம் என்று கிடந்தார்.

கடைசியில் டைரக்டர் இறங்கிவந்தார். மங்கோலியர் கதை வரும் வாரத்தில் மெத்தைக்காரர் தளபதிக்கு மெய்க்காப்பாளர். சாக மாட்டார். ஜெயித்ததும் வாளை உயர்த்தி "வெற்றி! வெற்றி!" என்று முழங்க வேண்டும்.

அன்றிலிருந்து வீடு ரெண்டுபட்டது. அவர் குளியலறையில் முழங்கினார், மாடிப்படியில் முழங்கினார், கடையில் அசதியாகப் படுத்திருந்த ஒரு வாடிக்கையாளரின் தலைமாட்டில் முழங்கி அவரை ஓட வைத்தார். "இன்னும் வயித்துலேர்ந்து வரணும் மாப்பிள்ளை" என்று மாமியாரே பக்கத்தில் நின்று பயிற்சி கொடுத்தார்.

படப்பிடிப்பு நாள் வந்தது. முரசு அதிர்ந்தது, புழுதி கிளம்பியது, எதிரே குதிரைப்படை பாய்ந்து வந்தது. மெத்தைக்காரர் வாளை ஓங்கினார். வழக்கம்போல எங்கிருந்தோ ஒரு அம்பு விர்ரென்று காதோரம் பறந்தது. அவ்வளவுதான். பழகின உடம்பு யாரைக் கேட்கப் போகிறது? பொத்தென்று விழுந்து, வாகாகப் புரண்டு, கண்ணை மூடிவிட்டார். போர் இன்னும் தொடங்கவே இல்லை.

விழுந்த பிறகுதான் புத்தி வந்தது. எழுந்தால் குதிரை மிதிக்கும். சரி, ஓயட்டும் என்று கிடந்தார். கிடந்தவர், வெயிலுக்கு இதமாகப் பக்கத்தில் ஒரு கேடயம் நிழல் தரவே, தூங்கிப்போனார்.

திடீரென்று ஆயிரம் தொண்டைக்குச் சமமாக ஒரு ஆரவாரம். படை ஜெயித்துவிட்டது. மெத்தைக்காரர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். எங்கே இருக்கிறோம் என்று புரியவில்லை. ஆனால் வசனம் மறக்கவில்லை. தலைமுடியில் புல், கன்னத்தில் கல் பதிந்த தடம், வாளை உயர்த்தி அடிவயிற்றிலிருந்து முழங்கினார்: "வெற்றீ! வெற்றீ!" பக்கத்தில் செத்துக் கிடந்த இரண்டு பேர் பயத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

குதிரைகளின் வாடகைக் கெடு அன்றோடு முடிந்துவிட்டது. மறுபடி எடுக்க வழியில்லை. டைரக்டர் எடுத்ததை மானிட்டரில் ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "அப்படியே வெச்சுக்குவோம்."

ஒளிபரப்பு நாளில் எதிர்வீட்டுக்காரி முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தாள். மெத்தைக்காரர் தட்டில் கவிழ்த்த தலை நிமிராமல் சாப்பிட்டார். திரையில் வாளை ஓங்கினார், விழுந்தார். "தொடங்கறதுக்கு முன்னாடியேவா!" என்று கைதட்டிச் சிரித்தாள் அவள். போர் நடந்து முடிந்தது. புழுதி அடங்கியபோது ஒரு மலை அசைந்தது, எழுந்தது, முழங்கியது. பின்னணிக் குரல் ரொம்பக் கம்பீரமாகச் சொன்னது: "போர்க்களத்தில் யாருக்கு என்ன நேரும் என்பதை யாரால் சொல்ல முடியும்?"

மாமியார் மெல்லத் திரும்பி எதிர்வீட்டுக்காரியைப் பார்த்தார்.

"பாத்தியா? மத்தவனெல்லாம் வெட்டிக்கிட்டு வெட்டிக்கிட்டுச் செத்தான். நம்ம மாப்பிள்ளை ஒரு தூக்கம் போட்டு எழுந்து ஜெயிச்சுட்டாரு."

மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

அடுத்த வாரத்திலிருந்து மெத்தைக்காரர் பழையபடி சாகப் போனார். அதில்தான் மனுஷருக்கு நிம்மதி. தொடர் முடிகிறவரை எந்தப் படையிலும் தப்பவில்லை. எதிர்வீட்டுக்காரி விடாமல் கேட்டாள். மாமியாருக்கு இப்போது முகம் சுருங்குவதில்லை. துடைப்பத்தைத் தட்டிக்கொண்டே பதில் சொல்வார்:

"அவர் நினைச்சா பிழைச்சுக்குவாருடி. பாவம், மத்தவங்களுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கணுமில்ல?"