பழுதாகாத ஜீப்

மக்கள் தொகைக் கணக்கெடுப்பு என்பதே என் ஜீப்பைப் பிடிப்பதற்காக அரசாங்கம் போட்ட திட்டம் என்று நம்பினேன். ஆமாம், நான்தான்! நாற்பத்தெட்டு வயது, பாதித் தலை நரை, தினமும் செய்தித்தாள் படிக்கிறவன்.

சிரித்துக்கொள்ளுங்கள். கடைசிவரை சிரிக்க விடமாட்டேன்.

கோம்பையில் ஜீப் ஓட்டுகிறேன். விடியும் முன்னே காலனிப் பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு வழியாக மலையேறி, கேரளத்து ஏலத் தோட்டங்களில் இறக்கிவிடுவேன். பொழுது சாயும்போது அழைத்து வருவேன். பதினான்கு வீடுகள், பதினேழு பெண்கள். பர்மிட்டில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்காதீர்கள்... அந்தக் கேள்விக்குப் பயந்துதான் இத்தனையும் செய்தேன்.

முதலில் வீட்டுக் கணக்கு எடுக்க வருகிறார்கள் என்றார்கள். டீக்கடையில் எவனோ கேள்விகளைக் கைப்பேசியில் பார்த்து உரக்கப் படித்தான். கூரை என்ன, தண்ணீர் எங்கிருந்து, கழிப்பறை உண்டா... டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டேன். பிறகு அது வந்தது. "கார், ஜீப், வேன் உண்டா?"

குடித்த டீ மூக்கில் ஏறியது! நாட்டில் உள்ள அத்தனை வீட்டிலும் கேட்கப்போகும் கேள்வி எனக்கென்றே எழுதியதாகத் தோன்றியது. இத்தனை கோடிப் பேரில் என்னைத் தேடுகிறார்களாம்! என்ன கர்வம் எனக்கு!

அன்றே ஜீப்பை ஒரு மாந்தோப்புக்குள் விட்டு, அதன்மேல் தென்னங்கீற்றைப் போட்டு மூடினேன். மாந்தோப்பில் தென்னங்கீற்று! திருடனுக்குக்கூட அதைவிட மூளை இருக்கும்.

அதோடு விட்டேனா? மறுநாள் விடியும் முன்னே கீற்றை விலக்கி ஜீப்பை எடுத்தவன், பெண்கள் ஏறியதும் ஒரு பொய்யை அவிழ்த்தேன். "கணக்குல பேரு குடுத்தா கேரளாவுல வேலை பாக்குறது தெரிஞ்சுபோகும். ரேசன் கார்டைப் பிடுங்கிருவாக. பொறவு அங்கனயும் பேரு கெடையாது, இங்கனயும் கெடையாது."

நான் எதைச் சொன்னாலும் சிரிக்கிறவர்கள் அன்று சிரிக்கவில்லை. நம்பினார்கள்.

கணக்கெடுக்கும் டீச்சர் இரண்டு முறை வந்து பார்த்தார். பகலில் அந்த வீடுகளில் பூட்டைத் தவிர யார் இருப்பார்கள்? ஏலக்காய் எடுக்கும் காலம், ஞாயிறும் வேலை.

என் பொய்யை எதிர்த்து நின்றவள் கௌசல்யா. அதே காலனிப் பெண். கல்லூரியில் இரண்டாம் வருடம். விடுமுறைக்கு வந்திருந்ததால் அவள் வீட்டுக் கணக்கு முதலிலேயே எழுதப்பட்டுவிட்டது. மற்ற வீடுகளுக்காக அலைந்தாள். சாயங்காலம் அடுப்புப் பற்றவைக்கும் ஒவ்வொருத்தி பக்கத்திலும் போய் உட்கார்ந்தாள். ரேஷன் அட்டைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றாள். "கக்கூஸ் இல்லைன்னு எழுதணும்க்கா. இல்லைன்னு எழுதுனாத்தான இல்லாதது தெரியும்?"

எங்கள் ஜீப்பில் வாய்க்காரி மூக்கம்மா அக்கா. நான் மறுபடியும் பயம் காட்டப் பார்த்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏலே, பூட்டுன வீடுன்னு எழுதிட்டுப் போயிட்டா, விடியமுன்ன கருவேலங்காட்டுல முள்ளுக்குள்ள போய் உக்காருறது யாரு? பூட்டா உக்காருது?"

ஜீப்பே குலுங்கியது. சிரிப்பு ஓய்ந்தபோது, எல்லோரும் டீச்சரைப் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது.

கௌசல்யா என்னிடம் வந்தாள். "மாமா, நாளைக்குத்தான் நம்ம காலனிக்கு டீச்சரு கடைசியா வர்றாக. அஞ்சு மணி வரைக்கும் இருப்பாக. நாலரைக்கெல்லாம் எல்லாரையும் கொண்டாந்து எறக்கிருங்க."

"நாலரை என்னத்தா, நாலுக்கே வந்துர்றேன்."

மறுநாள் கங்காணியிடம் கெஞ்சி, ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து ஏறினார்கள். மலை இறங்க இறங்க எனக்கு வேர்த்தது. டீச்சர் கண்முன்னே ஜீப் போய் நிற்கும். ஒருத்தி இறங்குவாள்... ஐந்து... பன்னிரண்டு... பதினேழு! எழுதாமல் விடுவாரா?

ஒரு தெரு தள்ளி இறக்கிவிட்டிருக்கலாமே என்கிறீர்களா? இப்போது சொல்லுங்கள்!

ஒரு கொண்டை ஊசி வளைவில் ஓரங்கட்டி, பானட்டைத் திறந்தேன். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை! ஒரு வயரைக் கழற்றினேன், மாட்டினேன், கழற்றினேன்...

"என்னண்ணே ஆச்சு?"

"வண்டிக்கு வெக்கம். டீச்சர் முன்னால வந்து நிக்க மாட்டேங்குது."

சிரித்தார்கள்! திருடுகிறவனுக்கு, பறிகொடுக்கிறவர்களே சிரித்துக்கொடுத்தார்கள். மூக்கம்மா அக்கா, எஞ்சின் சூடு ஆறட்டும் என்று, தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரை நீட்டினாள். வாங்கி ஊற்றினேன். எந்தக் கை அதை வாங்கியது! கடந்துபோன ஜீப்புகளும் என்னுடையதைப் போலவே பிதுங்கிக்கொண்டு போயின. ஒருத்தியைக்கூட ஏற்ற இடமில்லை.

கௌசல்யா கைப்பேசியில் நான்கு முறை அழைத்தாள். "வந்துக்கிட்டே இருக்கோம்த்தா" என்றேன், நின்றுகொண்டே.

ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அவள் மட்டும் தெருமுனையில் நின்றாள். "ஆறு வரைக்கும் நின்னு பாத்துட்டுப் போனாக மாமா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. "வண்டி சரியாப் போச்சா?" என்று கேட்டாள்.

கோபம் கோபமாக வருகிறது! தோட்டத்தில் இருக்கிறவர்களைத் தேடிப் பகலில் பூட்டைத் தட்டும் ஏற்பாட்டின் மேல் வருகிறது. ஆனால் அதைச் சாக்காகச் சொன்னால் என் நாக்கு வெந்துபோகும். டீச்சர் மூன்று முறை வந்தாரே! உங்கள் மேலும் வருகிறது. உங்கள் வாசலில் ஒருவர் நின்றபோது, டி.வி.யை விட்டு எழாமல் "அப்புறம் வாங்க" என்றீர்களே, நீங்களும் வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். உங்களுக்கு வீட்டில் ஆள் இருந்தது, நேரம் இருந்தது...

இரண்டு நாள் கழித்து, எங்கள் தெருக் கணக்குக்காக டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். ஊருக்கே பெயர் வாங்கித் தந்த கோம்பைச் சாதி வேட்டை நாய் வைத்திருக்கிறேன்; அதுகூட அவரைப் பார்த்து வாலை ஆட்டியது.

"ஜீப் இருக்குங்களா?"

"இ... இருக்கு."

கைப்பேசியில் ஒரு தட்டு. அவ்வளவுதான். எத்தனை பேரை ஏற்றுகிறேன் என்று கேட்கவில்லை, பர்மிட் கேட்கவில்லை. வீட்டில் முக்கியமாக என்ன தானியம் சாப்பிடுகிறோம் என்று கேட்டார். அரிசி என்றேன்.

அவரிடம் அப்போதாவது சொல்லியிருக்கலாம். அரிசியோடு நிறுத்திக்கொண்டேன். கௌசல்யாவிடமும் சொல்லவில்லை. அந்தப் பதினேழு பேரும் இன்று காலையும் என்னை நம்பித்தான் ஏறினார்கள்.

பதினான்கு வீடுகளும் பூட்டிய வீடுகள் என்று பதிவாகிவிட்டன. அந்த வீடுகளில் கழிப்பறை இல்லை என்று எங்கும் எழுதப்படவில்லை.