எந்தப் பக்கத்துப் பொத்தான்?

மண்ணுக்குள்ளிருந்து வரும் சாமான்களில் அதிகம் கதைப்பது பொத்தான்தான் என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். அதைக் கதைக்க வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஊரில் நாளிதழ் ஒன்றில் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது ரொறன்ரோவில், பழைய எல்லைக் கோட்டைகளில் தோண்டி எடுக்கும் இராணுவப் பொத்தான்களையும் இடுப்புப்பட்டித் தகடுகளையும் தொப்பிச் சின்னங்களையும் கழுவி, காயவைத்து, எண் போட்டுப் பைகளில் இடுகிறேன். அமெரிக்கர்கள் ஏரியைக் கடந்து வருவார்கள் என்று பயந்து பிரித்தானியர் கட்டிய கோட்டைகள் அவை. அமெரிக்கர்களும் சொன்னபடி வந்தார்கள். "கனடாவில் என்ன வேலை?" என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாமல் கையில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். என் பாடு உங்களுக்கு விளங்கும்.

கலியாண மண்டபத்தில்

ஸ்காபரோவில் ஒரு கலியாணம். எனக்குப் பக்கத்துக் கதிரையில் வீடு வாங்கி விற்கும் முகவர் ஒருவர். என் வேலையைச் சொன்னதும் மனிதர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். தங்கமும் வருமோ என்று கேட்டார். அதிகாரிகளின் பொத்தான்களுக்குப் பித்தளையின் மேல் மெல்லிய தங்கப் பூச்சு இருக்கும், சாதாரணச் சிப்பாய்க்கு ஈயமும் வெள்ளீயமும் கலந்த சாம்பல் நிறப் பொத்தான்தான் என்று விளக்கினேன். பொத்தானைப் பார்த்தே ஆளின் தரத்தைச் சொல்லலாம், நடுவில் உள்ள எண்ணைப் பார்த்துப் படைப்பிரிவைச் சொல்லலாம் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகலாமோ என்றார். கூடாது என்றேன். விற்கலாமோ என்றார். அதுவும் கூடாது என்றேன். அப்பளத்தை நொறுக்கியபடி சொன்னார்: "அப்ப கழுவுறதுக்கு மட்டும்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கினம்."

முகமும் முதுகும்

எங்கள் ஆய்வுகூடத்தின் பொறுப்பாளர் ஹெலன். தோண்டுவதற்கு உரிமம் உள்ளவர். நெடுநெடு என்று உயரமான பெண். சிரிப்பதற்கும் உரிமம் எடுக்க வேண்டும் என்று நினைப்பவர் மாதிரி இருப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எண் பொறித்த பட்டித் தகடு ஒன்று என் சல்லடையில் அகப்பட்டது. எழுத்தெல்லாம் முத்து முத்தாகத் தெரிந்தது. முன்பக்கச் செய்தி கிடைத்த நிருபன் போல ஓடிப்போய்க் காட்டினேன்.

ஹெலன் அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பினார். முகத்தை யாரும் நகல் எடுக்கலாம். பொத்தானோ தகடோ, பின்னால் கொக்கியை எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்பதுதான் காலத்தைச் சொல்லும் என்றார். என் தகட்டின் முதுகு நேற்று வார்த்தது போல வழவழவென்று இருந்தது. கோடை காலத்தில் கோட்டைக்குள் பழைய சிப்பாய் வேடம் போட்டு அணிவகுத்துக் காட்டும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்களில் ஒருவருடைய இடுப்பிலிருந்து விழுந்த சாமான் அது.

ஹெலன் தகட்டை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இருநூறு வருடத்துக்கு முன்னால் தொலைத்தவனால் எனக்குத் தொந்தரவு இல்லை. போன சனிக்கிழமை தொலைத்தவன்தான் என் உயிரை எடுக்கிறான்."

பார்வையாளர் மேசை

சில சனிக்கிழமைகளில் கோட்டை வாசலில் ஒரு மேசை போட்டு, சில பொத்தான்களை வைத்து, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது என் பொறுப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்பது, இதைப் போட்டவர் செத்துப்போனாரா என்று. அவர்களை விட்டால் பெரும்பாலானவர்கள் விலை கேட்பார்கள். எங்கள் ஆட்கள் மட்டும் வேறு கேள்வி கேட்பார்கள்: "உது எந்தப் பக்கத்துத் தெறி?"

பொத்தானுக்கு யாழ்ப்பாணத்தில் தெறி என்று பெயர். எந்தப் பக்கம் என்பது அங்கே விடுப்புக்கு, சும்மா புதினம் அறியக் கேட்கிற கேள்வி இல்லை. இராணுவத்தின் சுற்றிவளைப்பு நடந்த காலத்தில் வீட்டுக்குள் சீருடைத் துணியில் ஒரு முழம், ஒரு தெறி, ஒரு சின்னம் இருந்தால் போதும், வீட்டில் இருந்த ஆண்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே வளவைக் கூட்டும்போது அப்படி ஏதும் அகப்பட்டால் பார்க்காமலே கிணற்றில் போட்டவர்கள் பலர்.

ரெக்ஸ்டேலில் இருந்து குடும்பத்தோடு வந்த ஓர் அங்கிள், பேரனுக்குப் பொத்தானைத் தொட்டுப் பார்க்க அனுமதி கொடுத்தார். தன் கைகளை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டார். பிரித்தானியப் பக்கம், வென்ற பக்கம், பயப்பட ஒன்றுமில்லை என்று நான் பகிடியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வெண்ட பக்கமோ தோத்த பக்கமோ, உதை வீட்டிலை வைச்சிருக்கிறவன்தான் மாட்டுப்படுவான்" என்றார்.

யோகம் எடுத்த போன் கோல்

யோகம் என் மனைவியின் சித்தப்பா மகள். ஏரிக்கரைக்கு வெகு தூரத்தில், யூனியன்விலில் வீடு. அவளுடைய மகள் ஷாமினி விட்பியில் வாடகைக்கு இருந்தாள். வயிற்றில் பிள்ளை, வாடகை ஒப்பந்தமும் முடிகிற நேரம். பிள்ளை பிறப்பதற்கு முன் மகளையும் மருமகனையும் தங்கள் பேஸ்மென்டுக்குக் கூட்டிவர வேண்டும் என்று யோகமும் அவள் கணவன் ராசனும் பக்கவாட்டில் தனிவாசல் வைத்து, படி இறக்கக் கிடங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த கிழமை கொங்கிறீற் ஊற்றுவதாக இருந்தது.

அப்படியிருக்கக் கோல் வந்தது. "அத்தான், கிடங்குக்கை ஒரு தெறி கிடந்தது. நம்பர் போட்டிருக்கு. உங்கடை ஆக்களின்ரையோ எண்டு பாக்கிறீங்களே?" என்றாள். குரலில் பயம் இல்லை. யார் போட்டது, எப்படி இங்கே வந்தது என்று அறிகிற ஆசைதான் இருந்தது.

பயம் எனக்குத்தான். உங்களில் வீட்டுக்கு அனுமதிப் பத்திரம் எடுத்து அலைந்தவர்களுக்கு விளங்கும். தோண்டுகிற இடம் தொல்லியல் தலம் என்று தெரிந்தால் அந்த நிமிடமே வேலையை நிறுத்த வேண்டும். உரிமம் உள்ளவர் வந்து முழுக்க ஆராயும் வரை ஒரு வாளி மண் எடுக்க முடியாது. ஒரு கோடை போகலாம். பிள்ளை அதுவரை காத்திருக்காது. பார்த்தும் பாராமல் இருந்தால் என் வேலை போகும். இதை நான் மெதுவாகச் சொல்லத் தொடங்கும்போதே ராசன் போனைப் பறித்துவிட்டான். "அண்ணை, அவள் உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை. நீங்களும் ஒண்டும் கேக்கேல்லை. கொன்ட்ராக்டர் அப்பவே சொன்னவன், தூக்கி எறி எண்டு."

புளி

அன்று பின்னேரமே போனேன். ராசன் என்னைக் கண்டதும் பின்வளவுக்குப் போய்ப் புல்லுக்குத் தண்ணீர் விட்டான். காலையில் மழை பெய்திருந்தது.

யோகம் ஒரு சின்னத் தட்டில் வைத்துப் பொத்தானைக் கொண்டுவந்தாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். திருக்கார்த்திகைக்கு மினுக்கிய குத்துவிளக்கு மாதிரிப் பளபளத்தது. புளி போட்டு, தேங்காய்த் தும்பால் தேய்த்து, சாம்பல் இல்லாததால் சமையலறைப் பவுடரும் போட்டாளாம். எங்கள் ஆய்வுகூடத்தில் மெல்லிய தூரிகையும் தண்ணீரும் தவிர வேறு எதையும் கிட்டக் கொண்டுபோக மாட்டோம். தங்கப் பூச்சு இருந்ததற்கு அடையாளமாக விளிம்பில் மயிரிழை அளவு மஞ்சள் மட்டும் மிஞ்சியிருந்தது. அதிகாரி ஒருவருடைய பொத்தான். ஹெலன் சொல்லித்தந்தபடி திருப்பினேன். முதுகு பழையதுதான். வேடம் போட்டவன் தொலைத்ததில்லை.

கொக்கியில் ஏதாவது ஒட்டியிருந்ததா என்று கேட்டேன். "ஓம், ஊத்தை நூல் மாதிரி ஒண்டு சுத்திக்கிடந்தது. ஊசியாலை கிண்டி எடுத்து எறிஞ்சுபோட்டன்" என்றாள். பித்தளையின் களிம்பு பட்டால் நூல் உக்காமல் மண்ணுக்குள் தப்பிப் பிழைக்கும். அந்த அதிகாரியின் சட்டையில் பொத்தானைத் தைத்த நூல் அது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் கோபித்துக்கொண்டாள்: "ஊத்தையோட ஒரு சாமானை ஆரும் இன்னொரு ஆளின்ரை கையிலை குடுப்பினமோ, அத்தான்?"

கிடங்குச் சுவர்

ஹெலனிடம் சொல்வதென்று நானும் யோகமும் முடிவெடுத்தோம். ராசன் முடிவெடுக்கவில்லை, என்னோடு கதைப்பதையும் நிறுத்திவிட்டான். கொங்கிறீற் ஊற்ற இருந்த நாளுக்கு முதல் நாள் காலையில் ஹெலனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஷாமினியும் வந்திருந்தாள், வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி.

கதவைத் திறந்த ராசனைக் கண்டு நான் திகைத்துப்போனேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வரவேற்பறை மேசையில் அவனுடைய கடவுச்சீட்டு, குடியுரிமை அட்டை, வீட்டு உறுதிப் பத்திரம், கட்டட அனுமதி எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தன. ஹெலன் காலை வணக்கம் என்று சொல்ல முதல், அட்டையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தான். "அப்பா, பிளீஸ், ஷி இஸ் ஜஸ்ட் லுக்கிங் அற் த டேர்ட்" என்றாள் ஷாமினி, மண்ணைப் பார்க்கத்தானே வந்திருக்கிறார் என்று. ஹெலன் அட்டையை வாங்கி, உண்மையிலேயே வாசித்துப் பார்த்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு மரியாதை கூடியது அப்போதுதான்.

பிறகு கிடங்குக்குள் இறங்கி, சின்னக் கரண்டியால் மண்சுவரைச் செதுக்கினார். பொத்தான் கிடந்த மட்டத்தில் கறுப்பு மண். அதற்குள் பிளாஸ்ரிக் துண்டு, குளிர்பானப் போத்தல் மூடி, உடைந்த வடிகால் குழாய். அதற்கும் கீழே யாரும் தொடாத சுத்தமான களிமண். இன்னும் இரண்டு பக்கம் செதுக்கினார். அதே கதை. வீடுகள் கட்டிய நேரத்தில் லொறியில் கொண்டுவந்து கொட்டிய மண். ஏரிக்கரைப் பக்கம் எங்கேயோ அத்திவாரம் வெட்டியபோது அள்ளிய மண்ணாக இருக்க வேண்டும். பொத்தான் லொறியேறி யூனியன்விலுக்குக் குடிவந்திருக்கிறது. இது தலமே இல்லை, நாளைக்கே கொங்கிறீற் ஊற்றலாம், இடம் தெரியாத பொத்தானை வைத்து ஆய்வுக்கு ஒன்றும் செய்ய முடியாது, அதை நீங்களே வைத்திருங்கள் என்றார். ஷாமினி படியில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள்.

புறப்படும்போது ஹெலன் பொத்தானை வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் யோகத்திடம் சொன்னார்: "என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமான பொத்தானை நான் பார்த்ததே இல்லை." யோகத்துக்குத் தலைகால் தெரியாத சந்தோசம்.

கடைசிப் படி

பெண் குழந்தை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கும் சடங்குக்குப் போனபோது பேஸ்மென்டில் பவுடர் வாசம். யோகம் கறிக்குத் தாளித்தபடியே என்னை விசாரித்தாள். அந்த எண் எந்தப் படைப்பிரிவு, அவர்கள் இங்கே எப்போது நின்றவர்கள்? தெரிந்ததைச் சொன்னேன். அந்தப் பிரிவு ஏரிக்கரைக் கோட்டையில் நின்றது உண்மை. போட்டவருடைய பெயரைப் பொத்தான் சொல்லாது. "தெறி இல்லாமல் அந்த மனிசன் அணிவகுப்புக்குப் போய் ஏச்சு வாங்கியிருப்பாரோ? தைச்சுக் குடுக்க ஆரும் கூட இருந்திருப்பினமோ?" என்று கேட்டாள். என் உத்தியோக காலத்தில் ஒரு பார்வையாளரும் கேட்காத கேள்வி.

பொத்தானை ஒருமுறை பார்ப்போம் என்றேன். யோகத்தின் அகப்பை நின்றது. கண்ணாடி அலுமாரியில் பஞ்சு விரித்து வைத்திருந்தாளாம். கொங்கிறீற் ஊற்றிய அன்று காணாமல் போய்விட்டதாம். "எங்கை எண்டு உங்கடை தம்பியிட்டையே கேளுங்கோ" என்று அகப்பையை வாசல் பக்கம் நீட்டினாள்.

ராசன் பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டியபடி தனிவாசலில் நின்றான். அத்தனை கிழமைக்குப் பிறகு என்னோடு கதைத்தான். காலால் கடைசிப் படியைத் தட்டிக் காட்டினான். "அந்த வெள்ளைக்காரி வைச்சிருக்கலாம் எண்டுதான் சொன்னவ, வைச்சிருக்கிறன். உதுக்கை கிடக்கு. இனி ஆர் வந்து செக் பண்ணினாலும் என்ரை வீட்டுக்குள்ளை ஒண்டும் இல்லை, அண்ணை" என்றான்.

என்றாவது ஒருநாள் அந்தப் படியை உடைத்து அதிகாரிப் பொத்தானைக் காண்கிற தொல்லியலாளர், யூனியன்விலில் ஒரு படைமுகாம் இருந்ததென்று அறிக்கை எழுதத்தான் போகிறார், மறுப்பு வெளியிட நான் இருக்க மாட்டேன்.